வீட்டுக்குப் போகும் நேரம் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் வரும் நலவாழ்வுப் பக்கத்தை விடாமல் படிப்பவள் நான். தினமும் அரை மணி நேரம் நடங்கள், ஏழெட்டு மணி நேரம் தூங்குங்கள், இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள் என்று எழுதுகிறீர்கள். எல்லாமே நல்ல யோசனைகள். அதையெல்லாம் படித்துவிட்டு எத்தனையோ திங்கட்கிழமை நானும் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். புதன்கிழமைக்குள் விட்டுப்போய்விடும். மனஉறுதி போதாது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். காரணம் அது இல்லை என்று தெரிய எனக்கு 52 வயதாக வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பை புறநகரான டோம்பிவிலி கிழக்கில் இருக்கிறோம். லோயர் பரேலில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். வீட்டில் கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், 78 வயது அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின்.

போன பிப்ரவரியில் ஒரு ராத்திரி, ரயிலை விட்டு இறங்கிப் படியேறும்போது பின்மண்டையில் பாறாங்கல்லை வைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராகத் தெருமுனை டாக்டரிடம் போனேன். மூடப்போகிற நேரம். ரத்த அழுத்தம் பார்த்தார்: 170க்கு 104. மறுபடியும் பார்த்தார், அதேதான். மாத்திரை எழுதிக்கொண்டே, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?" என்று மராட்டியில் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்று பேரேட்டைத் திறக்காமலே சொல்லக்கூடியவள் நான். என் தூக்கம் எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கினேன். எழுந்த நேரம், வீட்டை விட்டுக் கிளம்பிய நேரம், அலுவலகம் சேர்ந்தது, அலுவலகத்தை விட்டுக் கிளம்பியது, வீடு சேர்ந்தது, படுத்தது. தினமும் ஆறு பதிவு. கடைசியில் 'காரணம்' என்று ஒரு பத்தி போட்டேன். அலுவலக நேரம் ஆறு மணியோடு முடிகிறது. அதற்கு மேல் உட்கார்ந்தால் எதற்காக என்று அதில் எழுத வேண்டும். ஒரு மாதம் ஒரு நாள்கூட விடாமல் எழுதினேன்.

கூட்டிப் பார்த்தால் சராசரி இப்படி வந்தது. காலை 4.45க்கு எழுகிறேன். 7.05க்குக் கிளம்பி 8.55க்கு அலுவலகம். மாலை 7.20க்குக் கிளம்பி ராத்திரி 9.10க்கு வீடு. 11.25க்குப் படுக்கை. தூக்கம் 5 மணி 20 நிமிடம். வீட்டுக்கு வெளியே 14 மணி 5 நிமிடம். மிச்சம் இருப்பது 4 மணி 35 நிமிடம். அதற்குள் காலைச் சமையல், நான்கு டப்பா கட்டுவது, அம்மாவுக்கு ஊசி, குளியல், சாமி விளக்கு, ராத்திரிச் சாப்பாடு, பாத்திரம், மறுநாளுக்குக் காய். இதில் அரை மணி நேர நடையை எங்கே செருகுவது? எட்டு மணிக்குள் எப்படிச் சாப்பிடுவது? எட்டு மணிக்கு நான் தாணேயைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேனே ஐயா.

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற 15 முதல் 59 வயதுப் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் சராசரியாக 305 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்திருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்கும் மேல். எனக்கு மிச்சமிருப்பதே 275 நிமிடம். குறைகிற அந்த 30 நிமிடத்தை நாங்கள் எங்கே ஈடுகட்டுகிறோம் என்று பார்க்க வேண்டுமானால் ஒருநாள் மாலை சென்ட்ரல் லைன் ரயிலில் லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், வந்து பாருங்கள்.

பட்டாணி சீசனில் என் எதிர் சீட்டில் அம்பர்நாத் போகிற ஒரு அம்மா வருவார். உட்கார இடம் கிடைத்ததும் முதலில் மடியில் ஒரு செய்தித்தாளை விரிப்பார். தாதர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு கிலோ பட்டாணியை அதில் கொட்டுவார். கட்டைவிரல் நகத்தால் காம்பைக் கிள்ளி, நாரை ஒரே இழுப்பில் இழுத்து, காயைப் பிளந்து விரலை ஓட்டினால் ஆறேழு பட்டாணி மணிகள் சாப்பாட்டு டப்பாவுக்குள் விழும். தோல் இன்னொரு பைக்குள் போகும், கீழே ஒரு துளி சிந்தாது. பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பிடி எடுத்து உரித்துக் கொடுப்போம். யாரும் கேட்பதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை. முலுண்டு வருவதற்குள் கிலோ முடிந்துவிடும். வெந்தயக்கீரை ஆய்வது, கொத்தவரங்காய் நார் எடுப்பது, பூண்டு உரிப்பது எல்லாம் அங்கேதான். அது எங்களுக்குப் பிடித்த நேரமும்கூட. சிரிப்போம், பாட்டுப் பாடுவோம், ஒருத்தி பிறந்தநாள் என்றால் டோக்ளா வரும். ஆனால் அந்த விரல்கள் ஒரு நிமிடம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

இனி 'காரணம்' பத்திக்கு வருகிறேன். கணக்கு வேலையில் சில தேதிகள் அசையாதவை. மாதம் 7-ந் தேதி டிடிஎஸ் (பிடித்துவைத்த வருமான வரி) கட்ட வேண்டும், 11-ல் விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன், 20-ல் ஜிஎஸ்டி கட்டி ரிட்டர்ன் போட வேண்டும். அந்த நாட்களிலும் அதற்கு முந்தைய நாட்களிலும் இருட்டும்வரை உட்கார்ந்தால் நான் முணுமுணுத்தது கிடையாது. மார்ச் முடிவில் பதினோரு மணிவரைகூட இருந்திருக்கிறேன். அது என் தொழில். ஆனால் நான் எழுதிய மாதத்தில், சனிக்கிழமைகளை விட்டுவிட்டால் வேலைநாள் 22. அதில் உண்மையிலேயே அவசரம் இருந்தது 6 நாள். 7 நாள், மாலை ஐந்தே முக்காலுக்கு யாரோ அனுப்பிய பைலுக்காக. மறுநாள் காலையில் செய்திருந்தாலும் ஒன்றும் குடிமுழுகியிருக்காது. மீதி 9 நாளுக்கு எதிரே என் கையெழுத்தில் இருப்பது ஒரே வாசகம்: 'சார் இன்னும் கிளம்பவில்லை'.

அதை எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. ஒன்பது தடவை வரிசையாகப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. அந்த ஒன்பது மாலைகளில் அம்மா எட்டு மணிக்குத் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார். மகன் ஒருநாள் ஏதோ பேசவேண்டும் என்று காத்திருந்து தூங்கிப்போயிருக்கிறான்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் கூடுதல் என்று அதில் இருக்கிறது. நான் என் நோட்டை எடுத்து, சாப்பாட்டு நேரத்தைக் கழித்துவிட்டு வாரக் கணக்கைப் போட்டேன். சட்டப்படி 48. என் கணக்கில் 55 மணி 40 நிமிடம். ரயிலில் போகும் வாரத்துக்கு 22 மணி நேரம் இதில் சேரவில்லை.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1967-ல் பம்பாய் வந்தவர். பரேலில் ஒரு துணி மில்லில் வேலை. லால்பாக்கில் சால் என்கிற தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். அந்த வட்டாரம் முழுக்க மில் சங்குதான் கடிகாரம். முதல் ஷிப்ட் என்றால் மூன்றரை மணிக்குச் சங்கு ஊதும். நாலு மணிக்கு அப்பா வாசலில் நிற்பார், தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். குளித்துவிட்டு வந்தால் அப்புறம் அவர் எங்களுக்குத்தான். கேரம் பலகையை வெளியே எடுப்பார். சில நாள் எங்களை மாட்டுங்காவுக்குக் கூட்டிப்போய் ஃபைவ் கார்டன்ஸில் விளையாடவிட்டு, சங்கரமடத்துப் பக்கம் சுண்டல் வாங்கித் தருவார். மில் வேலை சுகமான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. பஞ்சுத்தூசி அவர் நெஞ்சில் கடைசிவரை இருந்தது. ராத்திரி ஷிப்ட் வாரங்களில் அந்த ஒரே அறையில் பகலில் அவர் தூங்குவதற்காக நாங்கள் நால்வரும் வராந்தாவில் பேசாமல் உட்கார்ந்திருப்போம். சம்பளமும் போதாது. ஆனால் வேலை எப்போது முடிந்தது என்பது ஊருக்கே கேட்கும். சங்குக்குப் பிறகு யாரும் அவரைக் கூப்பிட முடியாது.

அந்த நேரக் கட்டுப்பாடு சும்மா கிடைத்ததில்லை. வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று இந்த ஊர் மில் தொழிலாளர்களைத் திரட்டியவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. 1884-ல் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்து, பல வருடம் போராடி, 1890-ல் ஞாயிறு விடுமுறை வாங்கிக்கொடுத்தார். இன்று நாம் ஞாயிற்றுக்கிழமை உங்கள் இதழை ஆற அமரப் படிப்பது அவர் புண்ணியம். நம் சென்னையில் சிங்காரவேலர் 1923-ல் மே தினத்தைக் கொண்டாடியதும் எட்டு மணி நேர வேலைக்காகத்தான்.

1982 ஜனவரியில் இங்கே மில் ஸ்டிரைக் தொடங்கியது. இரண்டரை லட்சம் பேர் வேலைக்குப் போகவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. மில் திறக்கும் திறக்கும் என்று அப்பா ஒன்றரை வருடம் காத்திருந்தார், பிறகு ஒரு கட்டடத்தில் வாட்ச்மேனாகப் போனார். அந்த மில்கள் இருந்த நிலத்தில்தான் இன்று கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. நான் வேலை பார்க்கும் கட்டடமும் அப்படி ஒரு மில் இருந்த இடம். ஜன்னலிலிருந்து பார்த்தால் இடிக்காமல் விட்ட ஒரு புகைபோக்கி தெரியும். ஏழு மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அப்பாவுக்கு இருந்த ஒன்று எனக்கு இல்லையே என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஊழியர் நலனுக்காக யோகா வகுப்பு தொடங்கினார்கள். புதன்கிழமை மாலை 6.15க்கு. நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினார்கள், சொல்லிக்கொடுத்த அம்மாவும் பொறுமையானவர். முதல் வாரம் 30 பேர் வந்தோம். மூன்றாவது வாரம் 5 பேர், ஐந்து பேரும் தாதர், பரேல் பக்கம் வீடு இருப்பவர்கள். எங்களைப் போலத் தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் போனால் இன்னொரு நெரிசல் ரயில், இன்னொரு ஒன்பதரை மணி. அலுவலகம் உண்மையாகவே எங்கள் உடம்பை நினைத்தால் புதன்கிழமை ஆறு மணிக்கு விளக்கை அணைத்துவிடலாம். மூச்சுப்பயிற்சியை நான் வீட்டு பால்கனியில் செய்துகொள்வேன்.

இந்த நிலையில்தான் 2025 செப்டம்பரில் மராட்டிய அமைச்சரவை, கடைகள், அலுவலகங்களில் ஒரு நாள் வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 10 மணியாகவும், தொழிற்சாலைகளில் 9-லிருந்து 12-ஆகவும் உயர்த்த ஒப்புதல் கொடுத்தது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறவில்லை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் உண்டு, அதனால் கவலை வேண்டாம் என்கிறார்கள். நான் கவலைப்படுகிறேன். உடம்பு வாரக் கணக்கில் பசிப்பதில்லை, வாரக் கணக்கில் தூங்குவதில்லை. திங்கட்கிழமை போன தூக்கத்தை ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஏற்றுக்கொள்ளுமா? பத்து மணி நேரமும் சாப்பாட்டுக்கு அரை மணியும் என்றால், காலை 9 மணிக்கு உட்காருகிறவள் எழுந்திருப்பது மாலை 7.30. சரியான நேரத்துக்குக் கிளம்பினாலே டோம்பிவிலியில் வீடு சேர 9.20 ஆகும். இன்று நாங்கள் தாமதமாகி வந்து சேரும் நேரத்தைவிட அது பத்து நிமிடம் அதிகம். அதற்கு மேல் 'சார் இன்னும் கிளம்பவில்லை' என்றால் எத்தனை மணிக்கு வருவோம்? இரட்டைச் சம்பளம் சட்டத்தில் இருக்கிறது. எங்களைப் போன்ற அலுவலகங்களில் ஆறு மணிக்கு மேல் உட்காருவதை யாரும் கூடுதல் வேலை என்று எழுதுவதே இல்லை, பிறகு எதற்குச் சம்பளம் வரும்?

ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் திரும்புவதால் உயிரே போகிறது. 2025 ஜூன் 9 காலை மும்ப்ராவில், படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து இறந்தார்கள். நான் தினமும் கடக்கிற வளைவு அது. இன்றும் அந்த இடம் வரும்போது எங்கள் டப்பாவில் பேச்சு ஒரு நிமிடம் அடங்கும்.

என் விஷயத்தில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். முதலில் நோட்டை வீட்டில் காட்டினேன். என் கணவர் கெட்டவர் இல்லை, கவனித்ததில்லை, அவ்வளவுதான். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். மறுநாள் காலை 5 மணிக்கு எழுந்து வந்து, இன்சுலின் எப்படிப் போடுவது காட்டு என்றார். இப்போது அம்மாவின் ஊசி இரண்டு வேளையும் அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை இட்லி மாவும் அவரும் மகனும்தான்.

அப்புறம் நோட்டை எங்கள் முதலாளியிடம் கொண்டுபோனேன். கை நடுங்கியது. 6, 7, 9 என்ற மூன்று எண்களைத் தனித்தாளில் எழுதி மேலே வைத்திருந்தேன். அவசரம் உள்ள நாட்களில் எவ்வளவு நேரமானாலும் இருப்பேன், மற்ற நாட்களில் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்றேன். அவர் அந்த 9-ஐக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இருக்கறதால நீங்க இருந்தீங்களா? எனக்குத் தெரியாதே" என்றார். அவர் ராத்திரி வரை இருப்பது வெளிநாட்டு அழைப்புகளுக்காக. எங்களைக் காத்திருக்கச் சொன்னதே இல்லையாம். வாயைத் திறந்து கேட்காமல் எத்தனை வருடத்தை விட்டிருக்கிறேன் என்று அன்று ரயிலில் அழுகை வந்தது.

அன்றிலிருந்து வீடு சேர்வது 7.50. முதல் நாள் கதவைத் திறந்த அம்மா பயந்துவிட்டார், உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை, வேலை முடிந்துவிட்டது என்றேன். "என்னளா, உங்க ஆபீஸ்லயும் சங்கு ஊத ஆரம்பிச்சுட்டானா?" என்றார். கூடக் கிடைத்தது ஒரு மணி 20 நிமிடம். அதில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அம்மாவைக் கைபிடித்துக் கீழே இறக்கி, சொசைட்டி காம்பவுண்டில் நான்கு சுற்று நடக்கிறோம். அவர் மதிலைத் தொட்டுத் தொட்டு வருவார், செண்பக மரத்தடியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார். எட்டரைக்கு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். பத்தேகாலுக்குப் படுத்தால் ஆறரை மணி நேரத் தூக்கம். போன வாரம் ரத்த அழுத்தம் 138க்கு 86. மாத்திரையும் சாப்பிடுகிறேன், டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை.

சரி, உன் பிரச்சினை தீர்ந்துவிட்டதே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்கலாம். எனக்கு அடுத்த மேசையில் 24 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், தமிழ்க் குடும்பம். பத்லாபூரிலிருந்து வருகிறாள், எனக்கும் அப்பால் ஆறு ஸ்டேஷன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ராத்திரிச் சாப்பாடு ரயிலில் ஒரு வடாபாவ். தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது, மாதவிலக்கு தள்ளித்தள்ளிப் போகிறது. நீயும் என்னைப் போல் கேளேன் என்றேன். "அக்கா, நீங்க 22 வருஷம் இருந்துட்டுக் கேட்டீங்க. நான் கேட்டா, வந்து எட்டு மாசத்துலயே மணி பாக்குறாம்பாங்க" என்றாள். அவள் சொன்னதில் தவறு இல்லை. நல்ல முதலாளி, பழைய ஊழியர், கையில் ஒரு நோட்டு என்று எல்லாம் கூடிவந்தால்தான் ஒருத்தி நேரத்துக்கு வீடு போக முடியும் என்றால், சேர்ந்து எட்டு மாதமானவள் 22 வருடம் காத்திருக்க வேண்டுமா?

அதனால் உங்கள் பத்திரிகை மூலம் இரண்டு பேரிடம் கேட்கிறேன். ஒன்று அரசு. ஒரு நாளுக்கு 9 மணி என்ற பழைய வரம்பையே வையுங்கள். இந்த ஊரில் அதற்கு முன்னும் பின்னும் ரயில் இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுங்கள். இன்னொன்று நம் மக்கள். தாராவியில், சயான் கோலிவாடாவில், மாட்டுங்காவில், செம்பூரில் பத்து இருபது பேரை வைத்து வேலை வாங்கும் தமிழ் முதலாளிகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறீர்கள். உங்களில் பலர் ஒரு காலத்தில் தொழிலாளியாக இருந்தவர்கள். வேலை முடியும் நேரத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி வாசலுக்கு மேல் ஒட்டுங்கள். அந்த நேரம் வந்ததும் 'கிளம்புங்கள்' என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள். வேலை முடிந்த பிறகு போனில் செய்தி அனுப்ப வேண்டியிருந்தால், காலையில் அனுப்பினால் ஆகாதா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

உங்கள் நலவாழ்வுப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு வந்து சேருகிறவர்களுக்கு என்ன சாப்பிடலாம், எப்படித் தூங்கலாம் என்று ஒரு டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். டோம்பிவிலி, கல்யாண், பத்லாபூர், விரார் பக்கமெல்லாம் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ள நிறையப் பேர் இருக்கிறோம்.

என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் முதலாளிக்குத் தமிழ் தெரியும், படித்தால் யார் என்று புரிந்துவிடும், அதில் எனக்குப் பயமில்லை. அடுத்த மேசைப் பெண்ணை யாரும் அடையாளம் காணக்கூடாது, அதற்காகத்தான். கடிதம் வெளியானால் அந்தப் பக்கத்தை முதலாளி மேசையில் நானே கொண்டுபோய் வைக்கிறேன். மாலை ஆறு மணிக்கு, கிளம்பும்போது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டோம்பிவிலி கிழக்கு